கீழ இன்னா மொளைச்சிருக்கு?

மதியம் மூன்று மணி. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, மணல் திட்டின் மேல் இருக்கும் அந்தக் குப்பத்தின் வலைக்கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து நண்டு வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவருடைய போனில் வாட்ஸ்அப் சத்தம் வந்தது. மகள்தான்.

மகள் சென்னையில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறாள். கல்லூரியிலிருந்து இமாச்சலப் பிரதேசத்துக்குப் பயணம் போயிருந்தாள். சிம்லாவைத் தாண்டி நார்கண்டா என்ற ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரம். கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள், முதல் முறையாக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். பின்னால் வானத்தை முட்டும் மரங்கள். கூடவே குரல் பதிவு: “நைனா, இந்த மரத்தப் பாரு. நம்ம சவுக்கு மாரியே இருக்குல்ல?”

போன் கை மாறியது. “சவுக்கேதான்” என்றார் ஒருவர். “குளிருக்கு நல்லா ஒசந்துக்குது.” இன்னொருவர் கண்ணாலேயே அளந்தார். “ஒரே மரத்துல அரை லோடு தேறும்.”

போன் அவரிடமே திரும்பி வந்தது. மரத்தின் உச்சியைப் பார்க்காமல், இரண்டு விரலால் படத்தின் அடிப்பகுதியைப் பெரிதாக்கினார். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்: “கீழ இன்னா மொளைச்சிருக்கு பாப்பா? சரியாத் தெரில.”

மகள் சிரித்திருப்பாள். ஆனால், அன்று சாயங்காலம் தரையை மட்டும் பத்துப் படம் எடுத்து அனுப்பினாள். வெல்வெட் துணி போர்த்தியதுபோல் பாசி பிடித்த பாறைகள். விதவிதமான பெரணிகள். சின்னச் சின்னக் காட்டு ஸ்ட்ராபெர்ரிக் கொடிகள். பெரிய மரத்தின் நிழலில் முழங்கால் உயரத்தில் அதன் கன்றுகள். ஒரு படத்தில், எப்போதோ விழுந்து மட்கிப்போன அடிமரத்தின் முதுகில் வரிசையாகப் புதுக் கன்றுகள் முளைத்திருந்தன.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அப்போ இது தோப்பு இல்ல” என்றார் மனைவியிடம். “நம்ம கோயில்காடு மாரி.”

சவுக்கு யாருக்குச் சொந்தம்?

மகளின் வகுப்பில் அந்த இடத்துக்குப் பெயர், இமயத்தின் ஈரக் குளிர்மண்டலக் காடு. மேலே தேவதாரு, நீலப் பைன், ஸ்ப்ரூஸ், வெள்ளி ஃபிர் என்று ஊசியிலை மரங்கள். அவற்றுக்குக் கீழே ஓக் மரங்களும் ரோடோடெண்ட்ரானும். அதற்கும் கீழே புதர், பெரணி, பாசி. மாடி வீடு மாதிரி அடுக்கு அடுக்காகக் குடியிருப்பு. ஒரு மாடியின் நிழலும் ஈரமும் சருகும்தான் அடுத்த மாடிக்குச் சாப்பாடு.

நார்கண்டாவில் பேராசிரியர் சொன்ன ஒரு விஷயம் அவளைத் திடுக்கிட வைத்தது. உருவத்தில் என்னதான் ஒத்துப்போனாலும் சவுக்கு ஊசியிலை மரமே இல்லை. ஊசி மாதிரித் தெரிவது இலை அல்ல, கணுக்கணுவான பச்சைக் குச்சி. உண்மையான இலைகள், ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் பொடிப் பற்கள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். குப்பத்துப் பிள்ளைகள் அந்தக் குச்சியை ஒரு கணுவில் பிடுங்கி, மறுபடி அங்கேயே செருகி, “எங்க ஒடைச்சேன், கண்டுபுடி” என்று விளையாடுவார்களே, அந்தக் கணுதான். கூம்பு மாதிரித் தெரிவதும் பைன் கூம்பு இல்லை; அது காய்க்கொத்து. சவுக்கு பூத்துக் காய்க்கும் இனம். அதற்கு நெருங்கிய சொந்தம் என்று பார்த்தால், தேவதாருவுக்குக் கீழே அடக்கமாக நிற்கிற ஓக் மரம்தான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தென்னிந்திய மலைக்காடுகளில் இயற்கையாக முளைக்கும் ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அதற்கு இலை அகலம்! கொடைக்கானலில் எல்லோரும் போட்டோ எடுக்கும் பைன் காடு, ஆங்கிலேயர் காலத்தில் நட்டது.

இந்தியக் காடுகளை வகை பிரிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. 1936-இல் சாம்பியன் என்ற வன அதிகாரி தொடங்கி, 1968-இல் சேத் என்பவருடன் சேர்ந்து திருத்தி வெளியிட்டது. மொத்தம் 16 பெரும் வகைகள். நார்கண்டா 12-வது. பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஏழாவது வகையில் நின்றாள். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கடலோரத்தில், மழை குறைந்த மாதங்களிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் குட்டையான காடு. அதில் வரும் மரங்கள்: உலக்கைப்பாலை, காயா, நாவல், எட்டி...

எல்லாம் எல்லையம்மன் கோயிலுக்குப் பின்னால் நிற்பவை. நைனா கேட்ட கேள்விக்கு விடை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

தோப்பு கொடுத்த படிப்பு

சவுக்கைக் குறை சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது. ஊருக்கு மேற்கே இருக்கும் அவர்களுடைய ஐம்பது சென்ட் மணலில் சவுக்குதான். நான்கு வருஷத்துக்கு ஒரு வெட்டு. சாரம் கட்ட, பந்தல் போட, காகித ஆலைக்கு என்று எப்படியும் விற்றுவிடும். முதல் வெட்டில் மகளின் கல்லூரிச் சேர்க்கை, இரண்டாம் வெட்டில் ஹாஸ்டலும் எம்.எஸ்சி.யும். மிச்சமாகும் மிளாறும் சருகும் அடுப்புக்கு. கடலில் பாடு இல்லாத மாதங்களில் தோப்பு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் வீடு ஓடியது.

சவுக்குக்குக் கெட்டிக்காரத்தனமும் உண்டு. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர், காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். அதனால் ஒன்றுமில்லாத மணலிலும் வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் ரயில் எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டபோது கடலோரமெங்கும் அதை நட்டதற்குக் காரணமும் இதுதான். பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகு படகாகச் சென்னைக்கு விறகு போனது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அலையைத் தடுக்கும் என்று தமிழகக் கடலோரத்தில் மறுபடியும் வரிசை வரிசையாகச் சவுக்கு வந்தது. கடலூர்ப் பக்கம் அலையாத்தியும் சவுக்கும் நின்ற இடங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வே வெளியானது. ‘மரத்தால் அல்ல, கடலிலிருந்து இருந்த தூரமும் மேடும்தான் காரணம்’ என்று மறுத்தவர்களும் உண்டு.

ஆனால், தோப்புக்குள் நடந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். காலடியில் மெத்தை மாதிரிச் சருகு. அதற்கு மேல் ஒன்றுமே முளைக்காது. அந்தமான் கடற்கரையில் சவுக்கு இயற்கையாகவே, மற்ற மரங்களோடு கூடிக் கலந்து நிற்கிறது. இங்கே நெருக்கி நட்ட வரிசையில், சவுக்குக்குத் துணை சவுக்குதான்.

ஊர்ப் பெயரில் ஒளிந்திருக்கும் செடிகள்

ஒரு காலத்தில் இந்தக் கரை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஊர்ப் பெயர்களே சாட்சி. பழவேற்காடு என்ற பெயரிலேயே காடு இருக்கிறது. வேல மரக் காடு என்று பொருள் சொல்வார்கள். பக்கத்தில் கோரைக்குப்பம், கோரைப் புல்லின் பெயர். கருங்காலி என்று ஓர் ஊர், மரத்தின் பெயர்.

கடலிலிருந்து ஏரிக்கு நடந்தால் செடிகள் ஒரு வரிசையில் வரும். அலை எட்டும் இடத்தைத் தாண்டியதும் ஊதாப் பூ பூக்கும் அடும்புக் கொடி. பக்கத்திலேயே முள்ளுருண்டையாகக் காற்றில் ஓடும் ராவணன் மீசை. இரண்டும் சேர்ந்துதான் ஓடும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. மேட்டில் தாழை. அதற்குப் பின்னால், காற்றின் உப்பு குறைந்த இடத்தில் பாலையும் காயாவும் நாவலும். அப்புறம் பனை. ஏரிக்கரைச் சேற்றில் உமரி. தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில் அங்கங்கே கண்டல் திட்டுகள். கண்டல் இலை விழுந்து மட்கினால் பொடி உயிர்களுக்குத் தீனி. அதைத் தின்ன இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வேர்களுக்கு நடுவே வந்து ஒதுங்கும். ஏரியில் கைதடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததல்ல.

இந்த வரிசையில் இன்று பல இடங்கள் காலி. காலியான இடத்தில் சீமைக் கருவேல் புகுந்துவிட்டது. பாலையும் காயாவும் பெரிய அளவில் பிழைத்திருப்பது வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில். ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் அந்தத் தீவு ராக்கெட் தளமானதும் வெளியாட்கள் உள்ளே போவது நின்றது. உள்ளே இருந்த காட்டில் கோடரிச் சத்தமும் குறைந்தது. குப்பத்துப் பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்று ராக்கெட் பார்க்கும் அதே திசையில்தான் அந்தக் காடும் இருக்கிறது.

மற்றபடி மிச்சமிருப்பவை, சாமிக்குப் பயந்து விட்டுவைத்த துண்டுகள். இந்தக் குப்பத்துக் கோயில்காடும் அப்படி ஒரு துண்டு. முப்பது சென்ட் இருந்தால் அதிகம். உள்ளே கத்தி எடுத்துப்போகக் கூடாது. தானாக விழுந்த கட்டையை மட்டும் ஆடி மாதப் பொங்கலுக்கு எடுக்கலாம். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்பார்களே, அந்தக் காயா அங்கே நீலமாகப் பூக்கும். பாலைப்பழத்தைத் தின்று உதடு பிசுபிசுவென ஒட்டிக்கொள்ள, பிள்ளைகள் அம்மாவிடம் திட்டு வாங்குவார்கள்.

முப்பது சென்ட்

மகள் நார்கண்டாவிலிருந்து படம் அனுப்பிய அதே மாதம், கிராமக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காட்டை எடுத்துவிட்டு, மேட்டைச் சமன் செய்து, ஒரு கல்யாண மண்டபம் கட்டலாம்.

கெட்ட யோசனை இல்லை அது. ஊரில் ஒரு கல்யாணம் என்றால் பொன்னேரிக்குப் போக வேண்டும். மண்டப வாடகை, வேன், சாப்பாடு என்று வாங்கும் கடனை அடைக்க இரண்டு மூன்று வருஷமாகும். அவரே மூத்த மகளுக்கு அப்படித்தான் செய்தார். கடன் போன வருஷம்தான் முடிந்தது.

அவர் எழுந்து, “காட்டத் தொட வேணாம்” என்றார். ஏன் என்று கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. போனைத் திறந்து மகள் அனுப்பிய படங்களைக் காட்டினார். யாரோ சிரித்தார்கள். தலைவர் பொறுமையாகவே சொன்னார்: “மரந்தான வேணும்? எடுக்கிறதுக்கு டபுளா வடக்கால சவுக்கு வெச்சிடலாம். நீயே கன்னு எடுத்துக் குடேன்.”

அவருக்குப் பதில் வரவில்லை. இருபது வருஷமாகச் சவுக்கு போட்டுப் பிழைத்தவர், சவுக்கு போதாது என்று எப்படிச் சொல்வது?

அந்த வாரமே மகள் ஊருக்கு வந்தாள். நான்கு கம்பு, ஒரு நைலான் கயிறு, ஒரு நோட்டு. கோயில்காட்டில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியையும் எழுதினாள். பெயர் தெரியாததற்கு அவர் பெயர் சொன்னார். அவருக்கும் தெரியாததற்கு அத்தைக் கிழவி சொன்னாள். பாலை, காயா, நாவல், சூரை, பிரண்டை, குன்றிமணிக் கொடி என்று நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது. பிறகு அதே கயிறை எடுத்துப்போய்ச் சொந்தத் தோப்பில் கட்டினாள். மூன்றே வரி. அதில் ஒரு வரி சவுக்கு.

“நம்ம தோப்பு கெட்டது இல்ல நைனா” என்றாள். “அது பயிரு. நெல்லு மாரி. அதப் போயி காட்டுக்குப் பதிலா வெக்கறேன்னா எப்பிடி?”

அடுத்த கூட்டத்தில் அவள் நோட்டைக் காட்டிப் பேசினாள். கேட்டுக்கொண்டார்கள். படித்த பிள்ளை, நன்றாகப் பேசுகிறது என்ற மரியாதை முகங்களில் இருந்தது. ஆனால், மண்டபம் மண்டபமாகவே நின்றது.

பேச்சைத் திருப்பியது அத்தைக் கிழவிதான். பெண்கள் நிற்கும் ஓரத்திலிருந்து கேட்டாள்: “மேட்ட வெட்டிட்டா கெணத்துத் தண்ணி இன்னாவும்?”

கூட்டம் அமைதியானது. கோயில் மேட்டின் சரிவில் இருக்கும் கிணறுதான் ஊரில் உப்புக் கரிக்காத ஒரே கிணறு. சுனாமியில் எல்லாக் கிணறும் கடல் தண்ணீராகிப் போனபோது, முதலில் தெளிந்ததும் அதுதான். கிழவி அந்த மாதங்களில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவள். அப்போது நின்ற பெண்களில் பாதிப் பேர் இப்போதும் அந்த ஓரத்தில்தான் நின்றிருந்தார்கள். ஒருத்தி தொடங்க, இன்னொருத்தி தொடர்ந்தாள்.

இப்போது மகளுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது. மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். மேடு இருந்தால்தான் அதற்குக் கனம் கிடைக்கும். மேடு கரையாமல் பிடித்திருப்பது வேர்கள். ஒரே ஆழத்தில் போகும் வேர் அல்ல. கொடியின் வேர், புதரின் வேர், மரத்தின் வேர் என்று மாடி மாடியாகக் கீழேயும் ஒரு குடியிருப்பு. இந்தப் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களுக்கு அதைப் பிடித்துவைக்கும் தொட்டி அந்த மேடுதான்.

மண்டபம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் சின்னதாக, தெற்கே பழைய வலை காயப்போடும் இடத்துக்குத் தள்ளிக் கட்டுவது என்று முடிவானது. அப்படியும் லாரி வர வழி வேண்டுமென்று காட்டின் ஓரத்தில் மூன்று மரங்கள் போயின. அதில் ஒன்று பாலை. மகள் பிறப்பதற்கு முன்பே, அவருடைய அப்பா காலத்திலேயே பெரிய மரம். வெட்டும்போது அவர் அங்கே நிற்கவில்லை, கடலுக்குப் போய்விட்டார்.

தோப்புக்குள் ஒரு கன்று

கென்யாவில் மொம்பாசாவுக்குப் பக்கத்தில், பம்புரி என்ற இடத்தில் சிமென்ட்டுக்காகப் பவளப்பாறையைத் தோண்டியெடுத்த பெரும் பள்ளம் ஒன்று இருந்தது. ஒரு புல்கூட இல்லை. 1971-இல் ரெனே ஹாலர் என்ற விவசாய நிபுணர் அங்கே பல வகை மரங்களை நட்டுப் பார்த்தார். தாக்குப்பிடித்த ஒரு சில இனங்களில் முக்கியமானது சவுக்கு. ஆனால், சருகு மட்காமல் குவிந்துகொண்டே போனது. அதைத் தின்னும் ஒருவகை மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் சருகு மண்ணாகி, மற்ற செடிகளுக்கு இடம் கிடைத்தது. இன்று அந்தப் பள்ளம் ஒரு காடு. சவுக்கு அங்கே வேலையைத் தொடங்கிவைத்தது. மற்றவை வந்து முடித்தன.

இதை மகள் சாப்பிடும்போது சொன்னாள். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அந்த வருஷ வெட்டின்போது தோப்பின் கிழக்கு ஓரம் இரண்டு வரிசையை விட்டுவிடச் சொன்னார். வியாபாரி, “நட்டம் உங்களுக்குத்தான்” என்றார். அந்த வரிசைகளுக்கு நடுவில் சருகைக் கொஞ்சம் விலக்கி, கோயில்காட்டில் பொறுக்கிய பாலை விதையையும் புன்னை விதையையும் போட்டார். மனைவி கேட்டாள், “பாலை எப்போ காய்க்கும்?”

“பாப்பாவோட புள்ளைங்க திங்கும்” என்றார்.

மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் மகளின் போனுக்கு ஒரு படம் வந்தது. கொஞ்சம் கலங்கலான படம். சருகுக்கு நடுவே ஒரு விரல் உயரத்தில் ஒரு செடி. கீழே குரல் பதிவு: “பாப்பா, தோப்புக்குள்ள மொளைச்சிருக்கு. பாலையா பாரு.”

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். பாலை இல்லை. தண்டில் வளைந்த முள் தெரிந்தது. சூரை. யாரும் நடவில்லை, கோயில்காட்டுப் பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி ஏதாவது எச்சத்தில் போட்டிருக்கும்.

“பாலை இல்ல நைனா, சூரை. குருவி கொண்டாந்திருக்கு.”

“சூரையா? முள்ளாச்சே. வலை எடுத்துனு போறப்ப மாட்டுமே. புடுங்கிடட்டுமா?”

“வேணாம் நைனா. இருக்கட்டும்.”

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு இன்னொரு படம் வந்தது. செடியைச் சுற்றி நான்கு சவுக்குக் குச்சிகள் நட்டு, பழைய வலையால் ஆட்டுக்கு அடைப்பு கட்டியிருந்தது.